மச்சம் போன மாப்பிள்ளை!

சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகிறான் என் அக்கா மகன். தீபாவளிக்குக் கன்னத்தில் பிளாஸ்திரியோடு வந்து நின்றான்.

"என்னடா, பிளேடு பட்டுடுச்சா?"

"மச்சத்தை எடுத்துட்டேன் மாமா. பொண்ணு பார்க்கப் போகணும்னு அம்மா சொன்னாங்களே!"

எடுத்த விதத்தைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து அப்பினானாம். ரூம்மேட் கொடுத்த ஐடியா! ஈரத்தில் அவை இரண்டும் சேர்ந்தால் காஸ்டிக் சோடா. பயல் வேலை பார்ப்பதோ, பெயிண்ட் அடிக்குமுன் இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் செக்‌ஷனில். அங்கே காஸ்டிக் டிரம்மைத் தொட க்ளவுஸ், கண்ணாடி எல்லாம் கட்டாயம். அதையே கன்னத்தில் பூசிக்கொண்டு தூங்கியிருக்கிறான்!

தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். எனக்கும் தாடையில் ஒரு மச்சம். ஷேவிங்கின்போதெல்லாம் ரத்த தானம். ஆக, இரண்டு டோக்கன்.

டாக்டர் புண்ணைவிட வேறொன்றுக்காகக் கோபப்பட்டார்.

"எரிச்சுட்டு வந்தா எதைப்பா டெஸ்டுக்கு அனுப்பறது? சமீபத்துல பெரிசாச்சா? ஓரம் கோணலாச்சா? கலர் மாறிச்சா?"

"சின்ன வயசுலேர்ந்து அப்படியேதான் சார்..."

மச்சம் போலத் தெரிவது அபூர்வமாக மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்குமாம். கறுத்த தோல்காரர்களுக்கு உள்ளங்கால், நகத்தடி என்று நாம் கவனிக்காத இடத்தில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. 1981-ல், 36 வயதில் போய்விட்டார்.

"எனக்கு லேசர் பண்ணிடுங்களேன்" என்றேன், பந்தாவாக.

"அதுவும் ஆவியாக்கிடும் சார், டெஸ்டுக்கு மிஞ்சாது. மேலாகச் சீவலாம், தையல் வேணாம். ஆனா வேர் தங்கினா கருப்பு திரும்ப எட்டிப் பார்க்கும். வெட்டித் தைச்சா கோடு விழும், ஆனா நிம்மதி."

மரத்துப்போக ஊசி குத்தியதுதான் வலி. நாலு தையல். என் மச்சம் ஃபார்மலின் குப்பியில் மிதந்தது. ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். ரிப்போர்ட்: சாதா மச்சம். வீட்டில் பாயசம்!

அவனுக்குப் புண் ஆறி, தழும்பு புளியங்கொட்டை மாதிரி தடித்துவிட்டது. 'கீலாய்ட்' என்றார் டாக்டர். அதை அமுக்க மாதாமாதம் தழும்பிலேயே ஊசி. அந்த இடத்தில் கருப்பு தெரிந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். பயல் தினமும் கண்ணாடியும் கையுமாக இருக்கிறான். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் வேறு, 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்'!

தை மாதம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பாட்டி போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதிர்ஷ்ட மச்சம்னு சொல்லித்தானே எங்க பொண்ணு சம்மதிச்சா... எங்கே தம்பி அது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கேசரியைப் பார்த்தேன்.