மலைவண்டி ஊர்வண்டியாதல்

சென்னைக்கு மேற்கே, பாடியை அடுத்துள்ள அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. நிமிர்ந்து அமர்ந்து, பின்னே சுமையேற்றிச் செல்லும் மிதிவண்டிகளே அக்காலத்தில் மிகுதி. மலைமிதிவண்டி பின்னர் வந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மேரின் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர், அகன்ற டயர் கொண்ட பழைய ஊர்வண்டிகளைத் திருத்தி ஓட்டினர். அம்முயற்சியிலிருந்தே அது பிறந்தது. ஆகவே பழைய மலைவண்டியை ஊர்வண்டியாக்குதல், அதனைப் பிறந்த வீட்டிற்கு அழைத்து வருதலையே ஒக்கும்.

முதலில் வண்டியின் சட்டத்தை ஆராய்தல் வேண்டும். அதில் வெடிப்பு இருப்பின் மேற்கொண்டு செய்யும் செலவு வீண். சட்டம் நன்றாயின் டயரை மாற்றலாம். மலைடயரின் முண்டுகள் மண்ணைக் கவ்வும்; தார்ச்சாலையிலோ அவை ஓயாது நசுங்கி நிமிர்ந்து, மிதிப்பவர் ஆற்றலை வீணாக்கும். ஆதலின் வழுவழுப்பான டயரே ஏற்றது. எனினும் 26 அங்குலம் என்னும் குறியை மட்டும் நம்பலாகாது. பழைய 26 அங்குல மலைவண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது 559 என்னும் எண் பொறித்த டயர். அதே அங்குலக் குறியுடன் 590 என்னும் எண்ணுள்ள டயரும் உண்டு. அது தளர்ந்து, ரிம்மில் நில்லாது.

ஐப்பசி மழையில் சேறு தெறியாதிருக்க மட்கார்டும், சுமைக்குக் கேரியரும், இரவுக்கு விளக்கும், மணியும் பொருத்துதல் வேண்டும். சிறிய கியரை நீக்க வேண்டுவதில்லை. சுமையுடன் பாடி மேம்பாலம் போன்ற ஏற்றங்களில் ஏறுங்கால் அது துணையாகும். பிரேக்கைச் செப்பனிடாமல் வண்டியைத் தெருவிற்குக் கொணர்தல் தகாது.

பழையதென்று ஒரு பொருளை எறிதல் எளிது; அதன் இயல்பறிந்து பயன்கொள்ளுதலே அறிவுடைமை.