பழைய காரின் கோளாறைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம்

காரின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. வண்டி ஓடுகிறது; ஆனால் பிக்கப் இல்லை. மெக்கானிக்கிடம் சென்றால், "சென்சார் போயிருச்சுங்க, மாத்தணும்" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. நான்கு நாட்கள் கழித்து அதே விளக்கு மீண்டும் எரிகிறது. பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

அந்த விளக்கை எரிய வைப்பது காருக்குள் இருக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர். எதற்காக எரிய வைத்தது என்பதையும் அது குறித்து வைத்திருக்கும். நீங்கள் புதிதாக வாங்கிய லேப்டாப்பிலோ, கையில் உள்ள மொபைல் போனிலோ அந்தக் குறிப்பினைப் படித்துவிடலாம். கொமரலிங்கம் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் பயன் உண்டு. பெரிய ஒர்க்ஷாப் வேண்டும் என்றால் உடுமலைப்பேட்டைக்கோ பழனிக்கோ செல்ல வேண்டியதிருக்கும். கோளாறு எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்தால், வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டலாமா, உள்ளூர் மெக்கானிக்கை வீட்டிற்கு அழைக்கலாமா என்று முடிவெடுக்கலாம்.

கார்ப்ரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது

1983 டிசம்பரில் வெளியான மாருதி 800 காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்ப்ரேட்டர். ஐடிலிங் சரியில்லை என்றால் ஸ்குரூ டிரைவர் கொண்டு திருகி, காதால் கேட்டே சரி செய்வார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்ப்ரேட்டர் இடத்தில் எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் இன்ஜெக்டர் முறை வந்தது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதனை இதில் இ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சென்சார்கள் அனுப்பும் தகவல் பொருந்தவில்லை என்றால், ஒரு எண்ணைப் பதிவு செய்து விளக்கை எரிய விடுகிறது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு மொழியை வைத்திருந்தது. இதனை ஒழுங்குபடுத்த வந்ததுதான் ஓ.பி.டி. 2 என்ற பொது முறை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து இது கட்டாயம். நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி சில பெரு நகரங்களில் மட்டும் வந்தது. அந்த வகைக் கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. பி.எஸ். 4 நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். எனவே 2013க்குப் பின் வந்த கார் என்றால் பெரும்பாலும் படித்துவிடலாம். அதற்கு முந்தைய கார் என்றால் முயன்று பார்க்க வேண்டியதுதான். சில பழைய கார்களில் அதே வடிவ சாக்கெட் இருக்கும். ஆனால் கம்பெனியின் சொந்த மொழியில்தான் பேசும். கார்ப்ரேட்டர் வண்டிக்கு இந்த வழி கிடையாது.

என்ன வாங்க வேண்டும்?

ஸ்டீரிங்கிற்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் கை விட்டுப் பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருக இ.எல்.எம். 327 என்ற பெயரில் ஒரு அடாப்டர் கிடைக்கிறது. சில நூறு ரூபாயில் இருந்தே உண்டு. இந்தச் சிப்பை உருவாக்கியது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நாட்டுச் சிறு நிறுவனம். அது 2022-ல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நகல்களே. நகல் என்றாலும் கோடு படிக்கப் போதும். சில மட்டும் சரியாக இணையாமல் தொல்லை தரும். திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள். ஆண்ட்ராய்ட் போன், விண்டோஸ் லேப்டாப் ஆகியவற்றிற்கு புளூடூத் வகை ஏற்றது. ஐபோன் என்றால் வை-ஃபை வகையோ, புளூடூத் எல்.இ. வகையோ வேண்டும்.

அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். போனில் புளூடூத் பகுதிக்குச் சென்று இணைத்திடுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுக்கவும். பின் டார்க், கார் ஸ்கேனர் போன்ற அப்ளிகேஷன் ஒன்றைத் திறந்து அடாப்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

லேப்டாப்பில் சற்று விளையாடிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி. அடாப்டரை இணைத்தவுடன் விண்டோஸ் அதற்கு ஒரு காம் போர்ட் எண் தரும். புட்டி என்ற இலவச புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது 010சி என டைப் செய்து என்டர் தட்டினால் 41 0சி 0சி 80 என்பது போல ஒரு பதில் வரும். (சி என்பதை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) முதல் இரண்டும், எந்தக் கேள்விக்கான பதில் என்பதற்கு அடையாளம். கடைசி இரண்டும் ஹெக்ஸ் எண்கள். 0சி என்பது 12, 80 என்பது 128. 12-ஐ 256-ஆல் பெருக்கி 128-ஐக் கூட்டினால் 3200. நான்கால் வகுத்தால் 800. உங்கள் இன்ஜின் நிமிடத்திற்கு 800 சுற்று சுற்றுகிறது! இதே போல 0105 என்று கேட்டால் கூலன்ட் வெப்பநிலை வரும். கிடைக்கும் எண்ணில் 40 கழிக்க வேண்டும். 7ஏ என்று வந்தால் 122. அதாவது 82 டிகிரி. போன் அப்ளிகேஷன் திரையில் வண்ண வண்ணமாகக் காட்டும் மீட்டர்களுக்குப் பின்னால் நடப்பது இந்தக் கணக்குதான்.

கோடு சொல்வது எதை?

கோளாறு எண் பி 0171 என்பது போல இருக்கும். பி என்பது இன்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும் எழுத்து. அடுத்து 0 இருந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 இருந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது. எண்ணைப் பார்த்தவுடன் முதல் வேலையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் பாருங்கள். கோளாறு பதிவானபோது வண்டி என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்பது அதில் இருக்கும். சிலர் விளக்கு அணைந்தால் போதும் என்று உடனே அழித்துவிடுகிறார்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். மெக்கானிக்கிற்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் பணம் வீணாகிறது. கோடு என்பது மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. காரின் கம்ப்யூட்டர் எதைக் கண்டு புகார் செய்தது என்பது மட்டுமே. பி 0171 என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். புகார் ஆக்சிஜன் சென்சார் வழியாக வருவதால் அந்தச் சென்சாரையே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். அது உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை! பழைய காரில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்து, அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இதனை அப்ளிகேஷனிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஃப்யூயல் ட்ரிம் என்ற அளவைப் பாருங்கள். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டி அல்லது குறைத்து இ.சி.யூ. சமாளிக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீதத்திற்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலிங்கில் 20, 25 என்று இருந்து, ஆக்சிலேட்டரை அழுத்தி 2500 சுற்றுக்குக் கொண்டு சென்றால் குறைகிறதா? காற்றுக் கசிவு. பானெட்டைத் திறந்து, "உஸ்" என்ற சத்தம் எங்கே வருகிறது எனக் கேளுங்கள். மாறாக, சுற்று கூடக் கூட அளவும் கூடினால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. ஃபில்டர், பம்ப் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் துண்டு ஒன்றின் விலை எங்கே, சென்சார் விலை எங்கே!

பி 0301, 0302, 0303 எல்லாம் மிஸ்ஸிங் கோடுகள். கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். ஒவ்வொரு பிளக்கிற்கும் தனி காயில் உள்ள காரில் எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். இப்போது 0302 வந்தால் காயில்தான் கெட்டது. மீண்டும் 0301 என்றே வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் மட்டும் சோதனையெல்லாம் வேண்டாம். மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். வண்டியை ஓரம் கட்டுங்கள்.

கூலன்ட் வெப்பநிலை -40 என்று காட்டினால் பயந்துவிடாதீர்கள். உடுமலைப் பக்கம் அப்படி ஒரு குளிர் அடித்ததில்லை. சென்சாரில் இருந்து தகவலே வரவில்லை. பூஜ்ஜியத்தில் 40-ஐக் கழித்த விடை அது. வயர் அறுந்திருக்கலாம். அமராவதி பாசன வயல்களை ஒட்டியும், மாட்டுக் கொட்டகை, தென்னந்தோப்பு அருகிலும் நிறுத்தும் கார்களில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம். சென்சார் வாங்கும் முன் வயரைக் கையால் தடவிப் பாருங்கள். ரோட்டில் ஓடும்போது 90 டிகிரி சுமாராக இருந்து, ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் 105-ஐத் தாண்டுகிறதா? ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃப்யூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சரி, அடாப்டர் உங்கள் பழைய காருடன் பேசவே இல்லை. பணம் வீணா? இல்லை. புட்டியில் ஏடி ஆர்வி என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்தால் பேட்டரி வோல்டேஜைச் சொல்லும். இதற்கு இ.சி.யூ.வின் தயவு தேவையில்லை. சாக்கெட்டிற்கு வரும் மின்சாரத்தை அடாப்டரே அளக்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்துள்ளது. 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. புதுப் பேட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கிவிடும். மலிவு அடாப்டர் சற்றுக் கூடக் குறையக் காட்டும் என்பதால் ஒரு முறை மல்டிமீட்டருடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போது

இந்த அடாப்டரைப் பாக்கெட்டில் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் காலையில்தான் கோடுகளை அழித்திருந்தால் விளக்கு எரியாது. ஆனால் பல கார்களில், கோடு அழித்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கும் இ.சி.யூ.வில் இருக்கும். அது 3 கிலோமீட்டர் என்று காட்டினால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரெடினெஸ் என்ற பகுதியில் பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தாலும் அண்மையில் அழித்தார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றினார்கள் என்று பொருள். 15 ஆண்டு முடியும் தறுவாயில் உள்ள காரில் இதனை அவசியம் பாருங்கள். ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க அந்தக் காரை நீங்கள்தான் ஆர்.டி.ஓ. முன் நிறுத்த வேண்டியிருக்கும்.

பிரேக் கட்டை, டயர், ஸ்டீரிங் ஜாயின்ட், அடியில் பிடித்த துரு ஆகிய எதையும் இந்த அடாப்டர் சொல்லாது. சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் போனை எடுக்காமல் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். ஓட்டுபவரே திரையைப் பார்ப்பதும் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். சாவியை எடுத்த பின்னும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் என்பதால், பல நாட்கள் செருகியபடியே விட்டால் பழைய பேட்டரி இறங்கி, காலையில் வண்டியைத் தள்ள வேண்டி வரும்.