தாதியர்: பெயர் ஒன்று, படிகள் பல

மருத்துவமனையில் நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் அனைவரையும் 'மிஸ்ஸி' என்றழைப்பது மலேசியத் தோட்டப்புற வழக்கம். பெயர் ஒன்றே, படிப்போ பல. எந்தப் படிப்பை முடித்தவர் எந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் வகுத்திருக்கிறது.

மலேசியாவில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே தாதியாகத் தொழில் புரியலாம். மூன்றாண்டு டிப்ளோமா அல்லது நான்காண்டுப் பட்டம் பெற்று, வாரியத்தின் தேர்விலும் தேறியவர் பதிவுபெற்ற தாதியாவார். சான்றிதழ்ப் பயிற்சி பெற்ற சமூகத் தாதியர் வேறொரு பிரிவினர்.

இந்தியாவில் மூன்று படிகள் உள்ளன: இரண்டாண்டுப் பயிற்சி பெறும் துணைத் தாதி, மூன்றாண்டு டிப்ளோமா பெறும் பொதுத் தாதி, நான்காண்டுப் பட்டதாரி. இப்பட்டப் படிப்பு 1946ஆம் ஆண்டில் வேலூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. அமெரிக்காவில் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு முடித்தவரும் நான்காண்டுப் பட்டதாரியும் ஒரே உரிமத் தேர்வை எழுதுகின்றனர். இங்கிலாந்திலோ 2013 முதல் புதிதாகப் பயில்வோருக்குப் பட்டம் கட்டாயமாயிற்று. அங்கு முன்பு இருந்த இரண்டாண்டுப் பயிற்சித் தாதியர் பிரிவு கைவிடப்பட்டது. ஆனால் 2019இல் இரண்டாண்டுப் படிப்புடைய துணைப் பிரிவொன்று மீண்டும் பதிவேட்டில் இடம்பெற்றது.

இவ்வாறு படிப்பு நாட்டுக்கு நாடு மாறுவதால், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு செய்யும் வேலையையே அளவுகோலாகக் கொண்டது. நோயாளியின் நிலையைத் தாமே ஆராய்ந்து பராமரிப்பைத் திட்டமிடுவோர் மேற்படி. பிறர் வகுத்த திட்டப்படி பணியாற்றுவோர் அடுத்த படி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, உலகத் தாதியர் தொகையை 2 கோடியே 79 லட்சம் என்றது. அவர்களுள் 1 கோடியே 93 லட்சம் பேர் மேற்படியினர். 60 லட்சம் பேர் அடுத்த படியினர். எஞ்சிய 26 லட்சம் பேர் எப்படியிலும் சேர்க்கப்படவில்லை.

பெயருக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைக் கேரி தீவு போன்ற தோட்டங்களில் வளர்ந்தோர் நன்கறிவர். தோட்டத்து 'டிரசர்' காயத்துக்குக் கட்டுப் போட்டார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதையும் பார்த்துச் சொன்னார். அவர் மருத்துவரும் அல்லர், தாதியும் அல்லர். 1965இல் இயற்றப்பட்ட தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் அவ்வேலைக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றை வகுத்தது.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிள்ளைகளைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நலம். இந்தப் படிப்பை மலேசியத் தாதியர் வாரியம் ஏற்கிறதா? முடித்தபின் எந்தப் பிரிவில் பதிவு கிடைக்கும்? பிற்காலத்தில் பட்டப் படிப்புக்கு ஏற வழியுண்டா? பராமரிப்பு உதவியாளர் சான்றிதழும் பயனுள்ளதே. ஆயினும் அதைக் கொண்டு ஒருவர் தாதியாகப் பதிவு பெற இயலாது. கடனை வாங்கிக் கட்டணம் செலுத்திய பின் இதை அறிவதைவிட, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் அறிவதே அறிவுடைமை.