கடைசி நாள்... கடைசி முழுக்கு!

டிசம்பர், ஜனவரி என்றால் ஆஸ்திரேலியாவில் கோடை விடுமுறை. சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியிருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாள் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் எல்லோருக்கும் பயம் இருக்கும். "ஏய், முட்டிக்கு மேலே தண்ணியில போகாதே!" என்று பாட்டி கத்திக்கொண்டே இருப்பார். நாலாவது நாள்? பாட்டிக்கே பயம் விட்டுப் போயிருக்கும்!

வில்லங்கம் அங்கேதான். அறையைக் காலி செய்தாயிற்று, பெட்டியெல்லாம் காரில். "ஒரே ஒரு தடவை முங்கிட்டு வந்துடறேன்ப்பா..." என்று பிள்ளை கெஞ்சும். சரி, பாவம் என்று போகிற வழியில் தென்படும் ஏதோ ஒரு கடற்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே கொடி இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

அந்த நாட்டில் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். உயிர்காப்பாளர்கள் காவல் இருக்கிறார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் குளிக்கலாம் என்று அர்த்தம். கொடி இல்லையென்றால் காவலும் இல்லை. அவர்கள் நேரம் முடிந்ததும் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2024 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்து பிலிப் தீவில் இந்திய வம்சாவளியினர் நான்கு பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்களே, அதுவும் காவல் இல்லாத கடற்கரைதான்.

பெரிய அலைதான் ஆளை இழுக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு! கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அது ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து உள்ளே ஓடுவதை 'ரிப்' என்கிறார்கள். அந்த இடத்தில் ஆழம் அதிகம். அதனால் அலை அவ்வளவாக உடையாது. நுரை குறைவு, நிறம் கொஞ்சம் கருமை. மெரினாவில் காலை நனைத்துவிட்டு சுண்டல் சாப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு, 'அட, இங்கேதான் அமைதியா இருக்கு' என்று தோன்றும். குழந்தையை அங்கேயே இறக்குவோம்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது. நல்ல நீச்சல்காரனே சில நிமிஷத்தில் ஓய்ந்துவிடுவான். ரிப் ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டு போகும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் நகரலாம். கரையில் நிற்பவருக்குத்தான் மனசு கேட்காது. மகன் போகிறான் என்று அப்பா குதிப்பார், அவர் பின்னால் சித்தப்பா குதிப்பார். இப்படிக் காப்பாற்றப் போனவர்கள் போய்ச் சேர்ந்த கதைகள் ஏராளம். மூன்று முறை பூஜ்யத்தை அழுத்தி (000) உதவி கேளுங்கள். மிதக்கிற எதையாவது, ஐஸ் பெட்டியானாலும் சரி, அவரை நோக்கி வீசுங்கள். புடவை, சல்வாரோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பதும் வேண்டாம். நனைந்த துணி காலைப் பின்னிக்கொள்ளும்.

நீலப் பை போல மிதந்து வரும் 'புளூபாட்டில்' கொட்டினால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, கடல் நீரால் கழுவி, பொறுக்கக்கூடிய வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்தால் வலி குறையும். (வட குவீன்ஸ்லாந்தின் பெட்டி ஜெல்லி மீன் வேறு சமாசாரம். அது உயிருக்கே ஆபத்து. உடனே 000 கூப்பிட்டுவிட்டு வினிகரை ஊற்ற வேண்டும்.)

"நமக்கென்ன, கறுப்புத் தோல்தானே" என்று வெயிலில் அலட்சியம் கூடாது. நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு; முழுசாக இல்லை. நேற்றைய வெயிலின் எரிச்சல் இன்றைக்குத்தான் ஏறும். சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்க இருபது நிமிஷம் முன்பே தடவி, இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி தடவ வேண்டும். சர்க்கரை நோயுள்ள தாத்தாவைச் சுடுமணலில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவருடைய இன்சுலினும் பூட்டிய காருக்குள் வேகக்கூடாது.

அப்புறம் வீடு திரும்பும் பயணம். காஃப்ஸ் ஹார்பரிலிருந்து சிட்னிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வெயிலில் ஆடிக் களைத்தவர் கையில்தான் ஸ்டியரிங்! பின் சீட்டில் எல்லோரும் குறட்டை விட, அவருக்கும் கண் செருகும். இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி இறங்குங்கள், முடிந்தால் ஆள் மாற்றி ஓட்டுங்கள். வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று பாட்டி தண்ணீர் குடிக்காமல் இருப்பார். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தலைசுற்றலில் போய் நிற்கும்.

தண்ணீரில் மூழ்கித் தத்தளித்து மீண்ட குழந்தை, சில மணி நேரம் கழித்து விடாமல் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ, 'களைப்பு, தூங்கட்டும்' என்று விடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். காரை நேரே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள்.