ரெட் ஒயின் ஏன் கடுக்காய் மாதிரி துவர்க்கிறது? காசு வீணாகாமல் பிரெஞ்சு பாட்டில் வாங்குவது எப்படி?

வாலாஜாபேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். போன மே மாதம், ஆர்டர் விஷயமாக பிரான்ஸிலிருந்து வந்த பையர் அவருக்கு ஒரு பாட்டில் ரெட் ஒயின் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் பீரோ மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆம்பூர் பிரியாணி பார்சல் வந்ததும் திறந்தார்கள். முதல் மடக்கிலேயே நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, கடுக்காய்த் தண்ணி மாதிரி துவர்க்குது! இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

கெட்டுப்போன சரக்கு என்று முடிவுகட்டி, மீதியை சிங்க்கில் ஊற்றிவிட்டார். ஒயின் கெடவில்லை. ஆனால் அவர் சொன்ன 'கடுக்காய்' நூற்றுக்கு நூறு சரி. அவர் ஊரில் பிறந்தவருக்குத்தான் அந்த வார்த்தை அவ்வளவு சட்டென்று வரும்.

தோலைப் பதப்படுத்தும் அதே பொருள்

ரெட் ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின். மரப்பட்டை, காய், விதை, பழத்தோல் எனச் செடிகொடிகளில் பரவலாக இருக்கும் பொருள் இது. புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்வதுதான் இதன் குணம். பச்சைத்தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு டானின் பிணைந்தால், அழுக வேண்டிய தோல் பதப்பட்ட தோலாகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இன்று பெரும்பாலும் குரோம் முறைதான். அதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில்தான் வேலை நடந்தது. புவிசார் குறியீடு பெற்ற 'ஈ.ஐ. லெதர்' அந்த மரபில் வந்தது. 'டானின்' என்ற பெயரே, தோல் பதனிடப் பயன்பட்ட ஓக் மரப்பட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது ஆவாரம்பட்டை வகை டானின். ஒயினை முதிரவைக்கும் ஓக் பீப்பாயிலிருந்து இறங்குவது கடுக்காய் வகை. ஒயிட் ஒயினுக்குச் சாறு மட்டும் போதும். ரெட் ஒயினோ தோலும் விதையும் சேர்ந்து நொதிக்கிறது. அதனால்தான் இந்தத் துவர்ப்பு.

வாயில் நடப்பதும் தோல் தொட்டியில் நடப்பதும் ஒன்றுதான். எச்சிலில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது. நாக்கு வறண்டு இழுக்கிறது. சந்தேகம் இருந்தால், டீத்தூளைக் கூடக் கொஞ்சம் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுப் பால் இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு பால் ஊற்றிக் குடியுங்கள். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கிவிடும். ஒயினோடு இறைச்சியும் சீஸும் வைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

அப்போ பிரியாணியோடு ஏன் சரிப்படவில்லை?

நண்பர் மூன்று தப்பு செய்திருந்தார். அந்த பாட்டில் போர்தோ. அங்கே முக்கியமாகப் பயிராகும் திராட்சைகளில் ஒன்று கேபர்னே சாவின்யோன். தோல் தடித்தது, டானின் அதிகம். இளம் போர்தோ என்றால் துவர்ப்பு தூக்கலாகத்தான் இருக்கும். இது முதல் தப்பு.

இரண்டாவது, மிளகாய். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். டானின் அதைக் கூட்டும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயின் புளிப்பு வேறு. மட்டன் துண்டு காப்பாற்றப் பார்த்தாலும் மசாலா விடாது.

மூன்றாவதுதான் பெரிய தப்பு: சூடு. 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும்' என்று எல்லோரும் சொல்வார்கள். யாருடைய ரூம்? அது ஏசியும் ஹீட்டரும் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. மே மாத வாலாஜாபேட்டை அறை அல்ல. 35 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும், பழ வாசனை தெரியாது. வாங்கியதும் வீட்டில் குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குடிப்பதற்கு முன் முக்கால் மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ரெட் ஒயினை ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பிரியாணிக்குத்தான் வேண்டும் என்றால் போஜொலே வாங்கலாம். அங்கே விளையும் கமே திராட்சையில் டானின் குறைவு. நன்றாகக் குளிரவைத்தே குடிக்கலாம். மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு 'கோத் து ரோன்'. கிரனாஷ், சிரா திராட்சைகளின் கலவை இது; சிராவிலேயே ஒரு மிளகு வாசனை உண்டு. என் ஓட்டு இதற்குத்தான்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். சேலம் மாம்பழம், பண்ருட்டி பலா மாதிரி. ஊரைச் சொன்னால் சரக்கு புரிய வேண்டும். 'ஏஓசி' அல்லது 'ஏஓபி' என்று இருந்தால் அந்த ஊரின் விதிப்படி, அங்கே அனுமதிக்கப்பட்ட திராட்சையில் செய்தது. 'ஐஜிபி' என்றால் விதி கொஞ்சம் தளர்வு. அதற்காக மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். தெற்கே மத்தியதரைக் கடலோர லாங்தாக் பகுதியின் 'பேய் தோக் ஐஜிபி' பாட்டில்களில் திராட்சையின் பெயரும் எழுதியிருக்கும்; விலைக்கு ஏற்ற ஒயின் அங்கே நிறைய. முதல் பாட்டில் வாங்குபவருக்கு இதுவே சுலபம்.

'கிராண்ட் வான் து போர்தோ' என்று தங்க எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். அது தரவரிசை எதுவும் இல்லை. உண்மையான போர்தோ தரவரிசை 1855-ல் போடப்பட்டது (அடுத்த வருஷம்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடுக்கு வந்தது). அந்தப் பட்டியல் பாட்டில்கள் நம் பட்ஜெட்டில் இல்லை. அதனால் பிரபலமான ஊர்ப் பெயருக்குக் காசு கொடுப்பதைவிட, பக்கத்து ஊர் ஒயினைத் தேடுவது புத்திசாலித்தனம்.

500 ரூபாய் ஒயின் 1,250 ஆவது எப்படி?

இறக்குமதி ஒயினுக்கு இந்தியா விதித்துவரும் சுங்க வரி 150 சதவீதம். 500 ரூபாய் மதிப்புள்ள பாட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி மட்டும் 750. துறைமுகத்தைத் தாண்டும்போதே 1,250. அதற்கு மேல் இறக்குமதியாளர் லாபம், மாநில வரிகள். பிரான்ஸில் சூப்பர்மார்க்கெட்டில் தினசரி சாப்பாட்டுக்கு வாங்கும் ஐந்து, ஆறு யூரோ ஒயின் இங்கே 'ஸ்பெஷல் அக்கேஷன்' விலைக்கு வருவது இப்படித்தான். 2026 ஜனவரி 27-ல் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவித்தன. அது நடைமுறைக்கு வந்தால் இந்த வரி முதலில் 75 சதவீதமாகவும், பிறகு படிப்படியாக அதற்குக் கீழும் இறங்கும்.

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். சாதாரணக் கடையில் பிரெஞ்சு ஒயின் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய நகரங்களின் எலைட் கடைகளில்தான் தேட வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாடு போய்வருபவர்கள் சென்னை விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஷூ கண்காட்சிக்காகப் பறக்கும் நண்பர்கள் இருந்தால் சொல்லிவையுங்கள்.

"வந்தவாசி வழியா போனா மூணு, மூணரை மணி நேரத்துல பாண்டிச்சேரி. அங்கே சீப்பாச்சே?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேயே குடித்துவிட்டுத் தங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. அனுமதி இல்லாமல் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 'ஒரே ஒரு பாட்டில்தானே சார்' என்பது செக்போஸ்ட்டில் எடுபடாது. மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக வழக்கில் சிக்க வேண்டுமா?

இன்னொரு வழி, சுங்க வரியே இல்லாத பாட்டில். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் இருக்கும் குரோவர், போர்தோவின் மிஷேல் ரோலானை ஆலோசகராக வைத்து 'லா ரிசர்வ்' என்ற ரெட் ஒயினை உருவாக்கியது. கேபர்னே, ஷிராஸ் கலவை. பிரெஞ்சு பாணி வேண்டும், பிரெஞ்சு வரி வேண்டாம் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

திறந்த பிறகு

750 மில்லி பாட்டிலை ஒரே நாளில் காலி செய்ய வேண்டியதில்லை. 13 சதவீத ஆல்கஹால் என்றால் உள்ளே சுமார் 77 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அது ஒருவருக்கான அளவே இல்லை. 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற ஃபார்வர்டையும் நம்ப வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வழக்கு.

மீதியை மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் நிறுத்திவையுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். கார்க் திருகி இல்லாத வீடு என்றால் திருகு மூடி பாட்டிலாகவே கேளுங்கள், மட்டமான ஒயினுக்குத்தான் அது என்பதெல்லாம் பழைய பேச்சு. கோப்பை இல்லையா, கண்ணாடி டம்ளர் போதும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கடையில் போஜொலே என்ற பெயரை 'பியூஜோலைஸ்' என்று எழுத்துக்கூட்டிக் கேட்டாலும், அவர்கள் எடுத்துத் தருவது அதே பாட்டில்தான்.