தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு!

ஆக்ராவில் இரண்டு நாள் தங்கியும் தாஜ்மஹாலுக்குள் கால் வைக்காமல் திரும்பி வந்த புத்திசாலி யார் என்று எங்காவது பொது அறிவுப் போட்டியில் கேட்டால், தயங்காமல் என் பெயரை எழுதுங்கள். முழு மார்க் நிச்சயம்.

நமக்கு ஜாகை சத்துவாச்சாரி. உத்தியோகம், ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் செக்‌ஷன். ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரி ஆக்ராவும் ஷூவுக்குப் பெயர் போன ஊர். "சோல் சாம்பிள் பார்த்துட்டு வாங்க" என்று என்னையும் ஆம்பூர் பாய் ஒருவரையும் ஆபீசில் அனுப்பினார்கள். வியாழனோடு வேலை முடிந்தது. திரும்ப ரயில் வெள்ளி ராத்திரி. நடுவில் ஒரு பகல் பூரா ஃப்ரீ!

கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "தாஜ்மஹால் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாடா. காலண்டர்ல பார்த்ததோட சரி." நாற்பது வருஷம் டேனரியில் உழைத்தவர். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

காலையில் தலை வாரி, பவுடர் போட்டு, ஆட்டோவில் ஏறி "தாஜ்" என்றேன்.

"ஆஜ் பந்த் ஹை" என்றான் ஆட்டோக்காரன்.

பகீரென்றது. "பந்த்தா? எந்தக் கட்சி? ராத்திரி ரயில் ஓடுமா?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "பந்த்னா மூடியிருக்குன்னு அர்த்தம் சார்! வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவாம்."

"அங்கே ஜும்மா தொழுகை நடக்குமே? நீங்க உள்ளே போய் அப்பாவுக்கு ஒரு போட்டோ..."

அதற்கும் வழியில்லை. உள்ளே இருக்கும் மசூதியில் ஆக்ராவாசிகளுக்கு மட்டும்தான் அனுமதி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே அந்தக் கட்டுப்பாடு சரி என்று சொல்லிவிட்டது. பாய் ஆம்பூர் உருதுவில் "நக்கோ, நக்கோ" என்று வாடகைக்குப் பேரம் பேச, ஆட்டோக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த சந்தோஷத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். கோட்டைக்கு விட்டோம் ஆட்டோவை.

ஆக்ரா கோட்டை, அக்பர் 1565-ல் கட்ட ஆரம்பித்தது. சிவப்புக் கல்லில் எழுபது அடி உயர மதில். சுற்றளவு இரண்டரை கிலோமீட்டர். "அடேயப்பா!" என்று நான் வாயைப் பிளந்தபோது பாய் கேட்டார்: "உங்க வேலூர் கோட்டையைச் சுத்திப் பார்த்திருக்கீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறேன். இறங்கியதுதான் இல்லை!

உள்ளே யமுனைப் பக்கமாக ஒரு எட்டுப்பட்டை மாடம். முஸம்மன் புர்ஜ் என்று பெயர். 1657-ல் ஷாஜஹான் நோயில் விழுந்ததும் பிள்ளைகளுக்குள் நாற்காலிச் சண்டை. ஜெயித்த ஔரங்கசீப் 1658-ல் அப்பாவைப் பிடித்து இந்தக் கோட்டையிலேயே வைத்துவிட்டார். 1666-ல் சாகும்வரை, எட்டு வருஷம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது மகள் ஜஹனாரா. மும்தாஜ் 1631-ல் பதினாலாவது பிரசவத்தில் இறந்துபோக, அவளுக்காக ஷாஜஹான் கட்டிய தாஜ்மஹால், ஆற்றின் வளைவில், தூரத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

"பெத்த அப்பனை ஜெயில்ல வெச்சிருக்கான் பாருங்க, என்ன மனுஷன்!" என்று பொங்கினேன்.

"ஜெயில்தான். ஆனா ஜன்னல் இருக்கு" என்றார் பாய் சாதாரணமாக.

அவர் எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. போன வருஷம் மாடி எடுத்துக் கட்டியபோது, "பசங்க படிக்கணும்" என்று முன் ரூமில் இருந்த அப்பாவின் கட்டிலைப் பின்னால் தள்ளிப் போட்டேன். அந்த ரூமுக்கு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்!

அடுத்து ஆற்றைத் தாண்டி இத்மத்-உத்-தௌலா. 'குட்டி தாஜ்' என்கிறார்கள். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் அப்பா மிர்ஸா கியாஸ் பெக்குக்காக 1622-லிருந்து 1628 வரை கட்டியது. பளிங்கில் குழி வெட்டி, கலர் கலராகக் கல் பதித்துப் பூவும் ஜாடியும் செய்திருக்கிறார்கள். தாஜ்மஹாலுக்கு முன்பே வந்த வேலைப்பாடு இது. ஆற்றின் இந்தக் கரையில் அப்பாவுக்குப் பளிங்கு மாளிகை கட்டிய மகள். அந்தக் கரையில் அப்பாவைப் பூட்டி வைத்த மகன். நான் எந்தக் கரை?

சாயங்காலம் மேதாப் பாக் தோட்டம். தாஜ்மஹாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறு கரை. ஷாஜஹான் தனக்கென்று இங்கே கறுப்பு தாஜ்மஹால் கட்ட நினைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1990-களில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு பெரிய எட்டுப்பட்டைக் குளம்தான். கறுப்பாகத் தெரிந்த கல்கூட அழுக்கேறிய வெள்ளைக் கல்லாம்! அங்கேதான் பாய் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார். என் தோளுக்குப் பின்னால் தாஜ்மஹாலின் முதுகு.

ஊர் வந்ததும் அப்பா செல்போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏண்டா, ஆத்துக்கு அந்தாண்ட நிக்கிறே?"

"அன்னிக்கு லீவுப்பா."

அன்றைக்கே கட்டிலை முன் ரூமுக்கு இழுத்தேன். மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். பிள்ளைகள் புத்தகத்தோடு மாடிக்குப் போனார்கள். அப்பா பதறிவிட்டார். "பின்னாடி ரூம் ஒழுகுதாடா?"

"இல்லப்பா. இங்கேன்னா ரோடு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அவரை வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். திப்பு சுல்தான் குடும்பத்தைச் சிறை வைத்த கோட்டை. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் வெடித்தெழுந்த கோட்டை. ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் அப்பா கைகூப்பி நின்றார். "இந்த லிங்கம் நம்ம சத்துவாச்சாரியிலதாண்டா இருந்துச்சு. 1981-லதான் இங்கே கொண்டாந்து வெச்சாங்க. தன் இடத்தைவிட்டுத் தள்ளி இருந்த சாமி, திரும்ப வந்துடுச்சு பாரு."

நான் ஒன்றும் பேசவில்லை. விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆக்ரா போவதாக உத்தேசம். எந்தக் கிழமை வேண்டுமானாலும் சரி... வெள்ளிக்கிழமை மட்டும் நக்கோ!