உங்களுக்குத் தெரியுமா? சமயபுரத்தில் தப்பிய எம்.பி.

திருச்சி கே.கே. நகரில் பஸ் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், தெப்பக்குளம் பக்கத்தில் புனித வளனார் கல்லூரியின் கிளைவ் விடுதி. பெயருக்குரியவர் ராபர்ட் கிளைவ். 1744-இல் சென்னைக்குக் கணக்கு எழுத வந்த பையன்!

பின்னர் படைவீரரான அவர், 1752 ஏப்ரலில் ஆங்கிலப் படையோடு கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் முகாமிட்டிருந்தார். நள்ளிரவில் பிரெஞ்சுப் படை வந்தது. முன்னால் வந்தவர்கள் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள். ஆங்கிலத்திலேயே பேசிக் காவலைக் கடந்துவிட்டார்கள். ஒரு குண்டு, தூங்கிக்கொண்டிருந்த கிளைவின் காலடிப் பெட்டியைச் சிதறடித்து, அருகிலிருந்த வேலைக்காரரைக் கொன்றது. விடிந்ததும், கோயிலுக்குள் புகுந்திருந்த அந்தப் படையை வாசலில் நின்று சரணடையச் சொல்லப் போனவர், இரவுச் சண்டையில் பட்ட காயத்தின் தளர்ச்சியில் இரண்டு சார்ஜென்ட்கள்மேல் சாய்ந்து நின்றார். எதிரே இருந்தவன் சுட்டான். செத்தது அந்த இருவரும்தான். அவர்கள் பெயரில் விடுதி ஏதும் இல்லை.

ஜூனில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளி சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

போர்க்களத்தில் கைகொடுத்த அதிர்ஷ்டம் தேர்தலில் உடனே வரவில்லை. இங்கிலாந்து திரும்பிய கிளைவ், 1754-இல் பணத்தை வாரி இறைத்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டே அந்த வெற்றி செல்லாது என்றாகிவிட, மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பிளாசிப் போர் (1757) தந்த செல்வத்தோடு திரும்பி, 1761 முதல் 1774-இல் இறக்கும்வரை ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினர். வங்காளத்தில் குவித்த அந்தச் செல்வத்துக்கு 1773-இல் அதே அவையில் அவர் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.